இந்த வாரம் உங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பில் என்ன பாடம் நடக்கிறது? (6, 7, 8 பெற்றோர், ஆசிரியர்கள் சொல்லுங்கள்)

அஸ்தம்பட்டி அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். பையன் எட்டாம் வகுப்பு, சமச்சீர் பாடத்திட்டம், தமிழ் வழி. சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போதே "இன்னைக்கு என்னப்பா நடத்தினாங்க" என்று கேட்பேன், "ஒண்ணும் நடத்தல" என்பான். பள்ளி திறந்த நாளிலிருந்து இதே பதில்தான். நேற்று ராத்திரி அவன் தூங்கிய பிறகு பையிலிருந்து நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான்.

சமூக அறிவியல் நோட்டில் 'பாறை மற்றும் மண்' பாடம். ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டு தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று தலைப்பு, கீழே எடுத்துக்காட்டுகள். கிரானைட், பசால்ட் ஒரு பக்கம், மணற்கல், சுண்ணாம்புக்கல் ஒரு பக்கம், சலவைக்கல், நைஸ் இன்னொரு பக்கம். மூன்று கட்டத்துக்கும் வெளியே, மார்ஜின் ஓரத்தில், பென்சிலால் பொடியாக "வெள்ளைக்கல்?" என்று எழுதி, அழித்து, மறுபடியும் எழுதியிருக்கிறான். அழித்த தடம் நன்றாகத் தெரிகிறது.

என் மாமனார் வீடு சேலத்துக்குப் பக்கத்தில் கருப்பூர். அங்கே வெள்ளைக்கல்லை அவன் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து பார்க்கிறான், ஒன்றை ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறான். அது எந்தக் கட்டத்தில் வரும் என்று அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. வகுப்பில் கேட்கவில்லை போலிருக்கிறது, என்னிடமும் கேட்கவில்லை. இத்தனை நாள் தினமும் கேள்வி கேட்டும் இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

அதனால் கேட்கிறேன். உங்கள் வீட்டில் 6, 7, 8 படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வாரம் என்ன நடக்கிறது, அதை எப்படி அவர்களிடமிருந்து தெரிந்துகொள்கிறீர்கள்? அப்புறம், வெள்ளைக்கல் எந்தப் பாறை? எனக்கும் தெரியவில்லை.

ஆத்தூர் அம்மா:

அண்ணா, எங்கள் பாப்பா ஏழாம் வகுப்பு. அறிவியலில் தாவரங்களின் மாற்றுருக்கள் போய்க்கொண்டிருக்கிறது. வேர் எப்படியெல்லாம் மாறியிருக்கும், தண்டு எப்படியெல்லாம் மாறியிருக்கும் என்று. இவளும் முன்பெல்லாம் வாய் திறக்க மாட்டாள். இப்போது நான் "என்ன நடத்தினாங்க" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். சமையல் செய்துகொண்டே பக்கத்தில் உட்காரச் சொல்லி, புத்தகத்தைத் திறந்து வைத்து, படத்தில் இருக்கிற பொருள் வீட்டில் இருந்தால் அதை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன்.

போன புதன்கிழமை குச்சிக்கிழங்கு வேகவைக்க எடுத்தேன். "இது வேரா தண்டா பாப்பா" என்றேன். குச்சியை நட்டுத்தானே வளர்க்கிறோம், அதனால் தண்டுதான் என்றாள். சரி, உருளைக்கிழங்கையும் எடுத்துப் பக்கத்தில் வை என்றேன். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உருளைக்கிழங்கில் குழி குழியாகக் கண் இருக்கிறது, ஒன்றில் முளையே விட்டிருந்தது. குச்சிக்கிழங்கில் எங்கே தேடியும் கண் கிடைக்கவில்லை. கண் இருந்தால் தண்டு, மொட்டு தண்டில்தான் வரும், அப்போது உருளை தண்டு, குச்சிக்கிழங்கு வேர் என்று அவளே சொல்லிவிட்டு, என்னைத் தள்ளிவிட்டு மஞ்சள், இஞ்சி, கேரட், பீட்ரூட் எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டாள். அன்றைக்குச் சாப்பாடு ஒன்பது மணிக்குத்தான்.

எங்கள் பக்கம் சேகோ மில்லுக்கு லாரி லாரியாகப் போகிறதே, அந்தக் கிழங்கு. அரைத்து, சலித்து, மாவுப்பாலைத் தொட்டியில் படியவிட்டு, ஈரமாவைத் துணியில் போட்டுக் குலுக்கிக் குலுக்கி உருட்டி, வறுத்து, வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. மிஞ்சுகிற திப்பி மாட்டுக்கு. அந்த மாவெல்லாம் செடி வேரில் சேர்த்து வைத்த சாப்பாடுதான் என்று பாடத்தில் ஒரே ஒரு வரி வருகிறது. அந்த வரியைப் படித்துவிட்டு "செடியோட சேமிப்பைத்தான் நாம உப்புமா கிண்டுறோமா" என்றாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை பெற்றோர்:

நீங்கள் இரண்டு பேரும் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. என் மகள் ஆறாவது, மெட்ரிக் பள்ளி, பெயர் வேண்டாம். இந்த வாரம் அறிவியலில் அளவீடுகள், வரலாற்றில் சிந்துவெளி. ஆனால் வீட்டுக்கு வருவது என்ன தெரியுமா, பாடத்துக்குப் பன்னிரண்டு கேள்வி பதில், அதை மூன்று தடவை எழுதிவிட்டு வர வேண்டும். அடுத்த வாரம் முதல் இடைத்தேர்வு. மில்லிமீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றச் சொன்னால் போடுகிறாள், பென்சில் எத்தனை சென்டிமீட்டர் இருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல் என்றால் நாற்பது என்கிறாள்! எனக்குப் பயமாக இருக்கிறது. அதே சமயம் மதிப்பெண் குறைந்தால் பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துப் பேசுகிறார்கள், போன வருடம் அழுதுகொண்டே வந்தாள். கல்லையும் கிழங்கையும் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

மலை டீச்சர்:

நான் ஏற்காட்டில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், தேவைப்பட்டால் சமூக அறிவியலும். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகும்.

முதலில் வெள்ளைக்கல். தம்பி கட்டத்துக்கு வெளியே எழுதினது ரொம்பச் சரி, அந்தக் கேள்விக்குறிக்கே நான் மதிப்பெண் போடுவேன். வெள்ளைக்கல் என்று நாம் சொல்வது மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட். அது ஒரு கனிமம். கனிமங்கள் சேர்ந்ததுதான் பாறை, அதனால் மூன்று கட்டத்தில் எதிலும் அது நேராகப் போய் உட்காராது. ஆனால் அது எந்தப் பாறைக்குள் கிடைக்கிறது என்று பாருங்கள். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல்லைச் சுற்றி கரும்பச்சையாக, வெளியே பழுப்பேறி ஒரு கல் இருக்கும், அதற்கு டூனைட் என்று பெயர். அது தீப்பாறை, மக்னீசியம் நிறைய உள்ளது, பூமிக்கு அடியில் ரொம்ப ஆழத்திலிருந்து வந்தது. அதில் விரிசல் விட்ட இடத்திலெல்லாம் கார்பன் டைஆக்சைடு கலந்த தண்ணீர் ஊறி, பாறையில் இருந்த மக்னீசியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிட்டது. அதனால்தான் கையில் எடுத்துப் பார்த்தால் வெள்ளை நரம்பு ஓடுகிற மாதிரி இருக்கும். ரயிலில் போகும்போது மேக்னசைட் ஜங்ஷன் என்று போர்டு வருமே, அந்த ஊர்ப் பெயரே இந்தக் கல்லின் பெயர்தான். வெள்ளைக்கல் கிடைக்கிற கரட்டைச் சுண்ணாம்புக் கரடு என்றே சொல்லிப் பழகிவிட்டதால் அது சுண்ணாம்பு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட், வேறு.

வித்தியாசம் பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. எலுமிச்சம்பழச் சாற்றை முட்டை ஓட்டின் மேல் விடச் சொல்லுங்கள், குமிழ் குமிழாக வரும், அதுவும் கால்சியம் கார்பனேட்தான். அதே சாற்றை வெள்ளைக்கல் மேல் விட்டால் சும்மா கிடக்கும். பொடியாக்கிச் சூடான அமிலத்தில் போட்டால்தான் நன்றாக நுரைக்கும், அதை ஆய்வகத்தில் ஆசிரியர் செய்து காட்டட்டும், பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைத் தயவுசெய்து பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இந்த வாரம் எங்கள் எட்டாம் வகுப்பில் விசையும் அழுத்தமும். காற்றழுத்தத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் எங்கள் பிள்ளைகளுக்கும் தூக்கம்தான் வரும். ஒரு மாணவன் சனிக்கிழமை சேலத்துக்கு அத்தை வீட்டுக்குப் போவதாகச் சொன்னான், சரி, தண்ணீர் குடித்த காலி பாட்டிலை ஏரிக்கரை பஸ் ஸ்டாப்பிலேயே மூடியை இறுக்கி மூடிக் கையில் வைத்துக்கொள், வழியில் திறக்கவே கூடாது என்றேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் போவதற்குள் பாட்டில் இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிவிட்டது, யாரோ கையால் பிடித்து நசுக்கின மாதிரி. திங்கட்கிழமை அவன் வகுப்பில் எழுந்து அதைச் சொன்னதும் ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். கீழேயிருந்து வருகிற சிப்ஸ் பாக்கெட் எங்கள் கடையில் உப்பித் தொங்குவது ஏன், வளைவில் காது அடைப்பது ஏன், எல்லாம் வந்தது. சேலம் கடல்மட்டத்துக்குச் சுமார் 280 மீட்டர் மேலே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இங்கே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "டீச்சர், அதனாலதான் எங்க ஆயா பருப்பு வேகலன்னு திட்டுதா" என்று கேட்டாள். ஆமாம், இங்கே தண்ணீர் 95 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது, குக்கர் இல்லாவிட்டால் பருப்புக்கு நேரமாகும். அந்தப் பெண் வாய் திறந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

செவ்வாய்ப்பேட்டை அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துப் பேசுவது தப்பு, நான் ஆசிரியராக இருந்தே சொல்கிறேன். நேரம் இல்லை என்றால் பத்து நிமிடம் போதும். நாளைக்கு ஒரு டெய்லர் டேப்பைக் கொடுத்துவிடுங்கள். முதலில் கண்ணால் பார்த்து ஒரு எண் சொல்லட்டும், அப்புறம் அளக்கட்டும். கதவு, தலையணை, உங்கள் காது, எது வேண்டுமானாலும். அளவீடுகளில் முக்கால் பாடம் அதில் முடிந்துவிடும். தேர்வில் அலகு தப்பாகப் போடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் கையால் அளந்து பார்க்காதவர்கள் என்பதை விடைத்தாள் திருத்தும்போது வருடா வருடம் பார்க்கிறேன்.

ஆத்தூர் அம்மா, பாப்பாவை ஒருமுறை இங்கே கூட்டிவாருங்கள். எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி பற்றுவேர் விட்டு ஏறியிருப்பதைத் தொட்டுப் பார்க்கலாம். தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தில் வேர் அந்தரத்தில் தொங்கிக் காற்றிலிருந்தே ஈரத்தை இழுப்பதைப் பார்க்கலாம். அவள் பாடத்தில் இரண்டும் இருக்கிறது.

சூளை மேஸ்திரி:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் வெள்ளைக்கல் சூளையில் ரொம்ப வருடம் வேலை பார்த்தவன், இப்போது பேரன் ஆறாவது படிக்கிறான். வெள்ளைக்கல்லைச் சுட்டால் அதிலிருக்கிற கார்பன் டைஆக்சைடு போய்விடும். சுத்தமான கல்லாக இருந்தால் நூறு கிலோ போட்டால் நாற்பத்தெட்டு கிலோதான் திரும்பி வரும், பாதிக்கு மேல் காற்றோடு போயிற்று. மிஞ்சுவது மக்னீசியம் ஆக்சைடு, அது உருக 2,800 டிகிரி வேண்டும். இரும்பு 1,500 சொச்சத்திலேயே உருகிவிடும். அதனால்தான் எஃகு உருக்குகிற உலைக்கு உள்பக்கம் பதிக்கிற செங்கல்லை இதில் செய்கிறார்கள். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள் சார். அவன் ஜன்னலில் வைத்திருக்கிற கல் அதுதான்.

அஸ்தம்பட்டி அப்பா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை கருப்பூர் போய்வந்தோம். வண்டியில் ஏறும்போது அவனிடம் நோட்டு பார்த்ததைச் சொல்லிவிட்டேன், கேட்காமல் எடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். முதலில் முகம் சுண்டிவிட்டது. "வெள்ளைக்கல் உன் மூணு கட்டத்துலயும் வராதாம், ஏற்காட்டு டீச்சர் ஒருத்தங்க சொன்னாங்க" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்புறம் ஐந்து ரோடு தாண்டுகிற வரைக்கும் கேள்வி மேல் கேள்வி.

மாமனார் வீட்டுக் கொல்லையில் தேடி, வெள்ளை நரம்போடு கருப்புக் கல்லும் ஒட்டியிருக்கிற ஒரு துண்டை எடுத்தான். ஈரத்துணியால் துடைத்தபோது அந்தக் கருப்பில் பச்சை தெரிந்தது, நானும் பார்த்தேன். அத்தனை வருடமாக அந்தக் கொல்லையில் நடக்கிறேன். மாமியார் முட்டை ஓடும் எலுமிச்சம்பழமும் கொடுத்தார்கள். ஓட்டில் குமிழ் வந்தது, கல்லில் வரவில்லை. இன்னொரு பழம் பிழிந்து மறுபடியும் பார்த்தான், வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து அந்தக் கேள்விக்குறியை அழித்துவிட்டு "கனிமம், டூனைட்டுக்குள் இருப்பது" என்று பேனாவால் எழுதினான்.

செவ்வாய்க்கிழமை இடைத்தேர்வு, படிக்கிறான். கல்லை இன்று சமூக அறிவியல் சாரிடம் காட்டப் பையில் எடுத்துப் போயிருக்கிறான். மேஸ்திரி ஐயா, அவன் உங்களிடம் கேட்கச் சொன்னது ஒன்று: சூளையில் கல்லை எத்தனை மணி நேரம் வைப்பீர்கள், வெந்துவிட்டது என்று எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பீர்கள்?