‘பயன்பாட்டில் உள்ளது’ என்று சொல்லி அச்சிட மறுக்கும் வைஃபை பிரிண்டர் (உபுண்டு 22.04)

கேள்வி:
வணக்கம். வீட்டில் உபுண்டு 22.04 நிறுவிய மேசைக்கணினியும், வைஃபையில் இணைந்த லேசர் பிரிண்டரும் இருக்கின்றன. ஓராண்டாகச் சிக்கலின்றி அச்சிட்டு வந்தேன். சென்ற வாரம் மின்வெட்டு முடிந்து எல்லாக் கருவிகளும் மீண்டும் இயங்கத் தொடங்கியதிலிருந்து, கணினியில் கொடுக்கும் எந்தப் பக்கமும் அச்சாவதில்லை. ‘பிரிண்டர் பயன்பாட்டில் உள்ளது’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி மட்டும் தெரிகிறது. ஆனால் வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. பிரிண்டரின் முகவரி என நான் குறித்து வைத்திருந்த 192.168.1.7-க்குப் பிங் (கருவி இணைப்பில் இருக்கிறதா என்று கேட்கும் சோதனைச் செய்தி) அனுப்பினால் உடனே பதில் வருகிறது. கைப்பேசியிலிருந்து கொடுத்தால் ஒழுங்காக அச்சாகிறது. டிரைவரை இரண்டு முறை நீக்கி நிறுவியும் பயனில்லை.

பதில் 1:
ஃபயர்வால் (நெட்வொர்க் இணைப்புகளை வடிகட்டும் பாதுகாப்பு மென்பொருள்) தடுக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடங்கள் அதை நிறுத்திவிட்டு அச்சிட்டுப் பார்க்கலாம்.

பதில் 2:
உபுண்டுவின் ஃபயர்வால் இயல்பு அமைப்பில் வெளியே செல்லும் இணைப்புகளைத் தடுப்பதில்லை என்பதால், அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. டிரைவர் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை.

நீங்கள் குறிப்பிட்ட அந்த வரியே துப்புத் தருகிறது. உபுண்டுவில் அச்சுப் பணிகளைக் கவனிக்கும் கப்ஸ் என்ற மென்பொருள், பிரிண்டர் முகவரியில் 9100 என்ற போர்ட்டை (அச்சுத் தரவு நுழையும் எண்ணிட்ட வாசல்) தட்டும்போது எதிர்முனை இணைப்பை மறுத்தால், பிரிண்டர் வேறு வேலையில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். அந்த முகவரியில் எந்தக் கருவியும் இல்லாவிட்டால் ‘எட்ட முடியவில்லை’ என்றல்லவா சொல்லியிருக்கும்? ஆகவே 7-ஆம் எண்ணில் இப்போது வேறு ஏதோ ஒரு கருவி உட்கார்ந்திருக்கிறது என்று ஊகிக்கிறேன். ரூட்டர் அணைந்து எழுந்தபோது முகவரிகளைப் புதிதாகப் பங்கிட்டிருக்கும். கைப்பேசி ஒவ்வொரு முறையும் பிரிண்டரைப் பெயர் சொல்லித் தேடிக் கண்டுபிடிப்பதால் அதற்கு இந்த மாற்றம் உறைக்கவில்லை.

பிரிண்டரின் பலகையிலிருந்தே நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டு, அதிலுள்ள முகவரியைப் பாருங்கள். பிறகு உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:631 என்ற கப்ஸின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, உங்கள் பிரிண்டரின் இணைப்பு வரியில் சாக்கெட் என்ற சொல்லோடு பழைய எண் இருக்கிறதா என ஒப்பிடுங்கள். இருந்தால், அதே பக்கத்தில் ‘மாடிஃபை பிரிண்டர்’ என்பதைத் தேர்ந்து, நெட்வொர்க்கில் கண்டறியப்பட்டவை என்ற பட்டியலில் உங்கள் பிரிண்டரைக் குறியுங்கள். மாடல் கேட்கும்போது ‘ஐபிபி எவ்ரிவேர்’ (தனி டிரைவர் தேவைப்படாத பொது அச்சு முறை) இருந்தால் அதையே கொடுங்கள். கைப்பேசியிலிருந்து தனிச் செயலி இல்லாமல் அச்சாகும் பிரிண்டர் என்றால் பெரும்பாலும் இதற்கு ஒத்துவரும். மாற்றுவதற்கு முன் தேங்கியுள்ள பணிகளை ரத்து செய்ய மறவாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. விவரப் பக்கத்தில் 192.168.1.12 என்று இருந்தது. 7-இல் இருந்தது எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி! அதன் சுவிட்சை அணைத்ததும் பிங்குக்கு வந்த பதிலும் நின்றுவிட்டது. நீங்கள் சொன்னபடி மாற்றினேன். ஆனால் ரத்து செய்வதை மறந்துவிட்டதால், ஒரே வாடகை ஒப்பந்தம் ஐந்து படிகள் அடுத்தடுத்து வந்து விழுந்தன. அடுத்த மின்வெட்டிலும் இதே தொல்லை வருமா?

பதில் 3:
இணைப்பு இப்போது பெயரை நம்பியிருப்பதால் வராது. அந்தப் பெயரைத் தேடித் தரும் அவாஹி சேவை மட்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனாலும் நான் ரூட்டரிலேயே பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவியின் நெட்வொர்க் வன்பொருளுக்கு உரிய அடையாள எண்) ஓர் ஐபி எண்ணை ஒதுக்கி வைத்துவிடுவேன். உங்கள் ரூட்டரில் அந்த வசதி பூட்டப்பட்டிருந்தால் பிரிண்டரிலேயே நிலையான எண்ணைக் கொடுக்கலாம்; அந்த எண், ரூட்டர் தானாக வழங்கும் வரம்புக்கு வெளியே இருக்கட்டும். இல்லையேல் தொலைக்காட்சியும் பிரிண்டரும் ஒரே எண்ணுக்குச் சண்டையிட்டுக்கொள்ளும்.