ஹைப்பர்தெர்மியா எடுத்தவர்கள், கூட இருந்தவர்கள்: உங்கள் அனுபவம்?

கடற்குருவி:
அம்மாவுக்குப் புற்றுநோயால் மார்பை எடுத்த இடத்திலேயே திரும்பக் கட்டி. இங்கே நெதர்லாந்தில் கதிர்வீச்சோடு ஹைப்பர்தெர்மியாவும் கொடுக்கிறார்கள், கட்டியைச் சூடேற்றும் வைத்தியம், ஒரு மணி நேரம். தோலில் தண்ணீர்ப் பை, அதன்மேல் சூடேற்றும் ஆண்டெனா, தழும்பைச் சுற்றி வெப்பமானி வயர்கள். பையைத் தொட்டால் நல்ல சூடு. பாதியில் பார்க்கிறேன், அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறா, கண்ணில் நீர். "சுடுதா?" என்றால் "இல்லை". டெக்னீஷியனைக் கூப்பிட்டு நிறுத்தின பிறகுதான் வாய் திறந்தா: "சுட்டாத்தானே பிள்ளை அது சாகும்?" மறுநாள் அக்குள் பக்கம் கொப்புளம். எனக்கு மனசு ஆறவில்லை. தோலைக் காக்கத்தானே அந்தப் பை? அதில் ஏன் சுடுதண்ணீர்?

தியேட்டர்வாசி:
நான் அனஸ்தீசியா டெக்னீஷியன். வயிற்றுக்குள் 42 டிகிரியில் மருந்தைச் சுற்றவிடும் ஹைபெக் கேஸ்களில் நின்றிருக்கிறேன். மற்ற ஆபரேஷனில் நோயாளி குளிர்ந்துவிடாமல் சூடான காற்றுப் போர்வை போடுவோம். இதில் தலைகீழ். முன்கூட்டியே உடம்பைக் கொஞ்சம் ஆறவிட்டு, பிறகு குளிர்காற்று, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் பை. ஒரு கேஸில் உணவுக்குழாய் வெப்பமானி 39-ஐத் தாண்டியது. துடிப்பு எகிறுகிறது, பிரஷர் இறங்குகிறது. கையைப் பார்த்தேன்: செக்கச்செவேலென்று, நரம்பெல்லாம் புடைத்து. சூட்டை வெளியே தள்ள ரத்தம் முழுக்கத் தோலுக்கு ஓடிவந்திருந்தது. அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆகவே குருவி, சூடான பை என்றால் அங்கே யாரோ கவனிக்கவில்லை.

கதிர்க்காரர்:
தியேட்டர்வாசி சொல்வது இங்கே பொருந்தாது. ஹைபெக்கில் காப்பாற்ற வேண்டியது மொத்த உடம்பை. மார்புச் சுவரில் கட்டி தோலிலேயே இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் விட்டால் கட்டியையே குளிரவைத்த மாதிரி. அதனால் 40 டிகிரிக்கு மேல்கூட வைப்பார்கள். கட்டி ஆழத்தில் இருந்தால்தான் குளிர்ந்த பை. ஜப்பானின் 8 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக் கருவியில் தோலுக்கடியிலுள்ள கொழுப்புதான் முதலில் சூடேறும், அங்கே தண்ணீரை நன்றாகவே குளிரவைப்பார்கள்.

நல்ல தசையில் சூடு ஏறினால் ரத்தக்குழாய் விரிந்து சூட்டை எடுத்துப் போய்விடும். கட்டியின் குழாய்கள் தாறுமாறானவை, அப்படி விரியாது. தழும்பும் அப்படித்தான், ரத்த ஓட்டம் குறைவு, அங்கே சூடு தேங்கும். போதாக்குறைக்கு ஆபரேஷனில் நரம்பு அறுபட்டு மரத்த இடத்தில் சுடுவதே தெரியாது. ஆகவே மரத்த இடங்களை முதல் நாளே காட்டிக் கொடுங்கள், வெப்பமானி அங்கே கட்டாயம் இருக்கட்டும். "சுடுது" என்றால் போதாது, எந்த இடம் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். பல ஆண்டெனா உள்ள கருவியில் அந்த ஒன்றை மட்டும் குறைக்கலாம், மற்ற இடத்துக்குச் சூடு கிடைத்துக்கொண்டே இருக்கும். பைக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இடைவெளி கூடாது. மடிப்புகளில் வியர்வை தேங்கினால் துடைக்கச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர், உடம்பில் உலோகம் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்புறம் கொப்புளத்தை உடைக்காதீர்கள், எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம், நர்ஸிடம் காட்டுங்கள்.

கடற்குருவி:
பை விஷயம் விளங்கிவிட்டது, நன்றி. ஆனால் இதையெல்லாம் நான் சொன்னால் அம்மா கேட்கமாட்டா. சூட்டைக் குறைத்தால் வைத்தியமே குறைந்துவிடும் என்ற பயம் அவவுக்கு. இதே வைத்தியம் எடுத்த அம்மாமார் யாராவது இருந்தால், அடுத்த தடவைக்கு முன் அவவோடு போனில் கொஞ்சம் கதைப்பீர்களா?