மறு: தொற்றா நோய்த் துண்டுப்பிரசுரம் – ‘ஆபத்துக் காரணி’யா, ‘இடர்கூட்டி’யா?

ஐயாவுக்கும் குழுமத்தாருக்கும் வணக்கம்.

நீரிழிவு, இதயநோய் போன்ற தொற்றா நோய்கள் பற்றிய துண்டுப்பிரசுரத்தில், நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற ‘risk factor’ என்பதற்கு ‘இடர்கூட்டி’ என்று எழுதலாம் என்றிருந்தேன். ‘ஆபத்துக் காரணி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்க, அதில் ஏன் கைவைக்க வேண்டும் என்று ஐயா கேட்டிருந்தீர்கள். புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் கிளினிக்கில் அந்தச் சொல் படும் பாட்டை நான் பார்க்கிறேன். ‘காரணி’ என்றதும் சனம் ‘காரணம்’ என்றே எடுத்துக்கொள்கிறது. திருக்கடலூர் அம்மா ஒருவர் போன கிழமை கேட்டார்: “நான் தேத்தண்ணிக்குச் சீனியே போடுறேல்ல மிஸ், எனக்கெப்பிடிச் சீனி வருத்தம் வந்தது?” பக்கத்துக் கதிரையில் இருந்தவர் விடவில்லை: “எங்கட அப்பு கடைசிமட்டும் சுருட்டுப் பத்தினவர், தொண்ணூறு தாண்டித்தான் போனவர்.”

இரண்டு பேரும் இடறுவது ஒரே இடத்தில். காரணம் என்றால், அது இருந்தால் நோய் வரவேண்டும், இல்லாவிட்டால் வரக்கூடாது. மருத்துவம் சொல்வதோ வாய்ப்பு கூடுகிறது என்பதை மட்டுமே. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948 இல் தொடங்கிய இதயநோய் ஆய்வு ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்துதான் இதை நிலைநாட்டியது. உயர் குருதியமுக்கம், கொலஸ்ரோல், புகைத்தல் உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வந்தது. எல்லோருக்கும் வரவில்லை.

“பிரஷர் கூடிட்டுது” என்பது ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிற பேச்சு. அந்தக் ‘கூடு’தலையே எடுத்து ‘இடர்கூட்டி’ என்றேன். ஒலிபெருக்கி, குளிரூட்டி போல. வங்கிக்காரர் ‘risk’ என்பதற்குச் சொல்லும் ‘இடர்நேர்வு’, ‘இடர்’ என்ற முன்பாதிக்குத் துணை நிற்கும். உடற்பயிற்சி, மரக்கறி, பழம் போன்றவற்றை ‘இடர்குறைப்பி’ எனலாம்.

தம்பி ஒருவர் ‘தீய பழக்கங்கள்’ என்றே எழுதிவிடலாம் என்கிறார். அதை நான் கடுமையாக மறுக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் முக்கிய இடர்கூட்டிகளான புகையிலை, மதுபானம், ஆரோக்கியமற்ற உணவு, உடலுழைப்புக் குறைவு ஆகிய நான்கோடு வளி மாசையும் சேர்த்துவிட்டது. மூதூர்ப் பக்கம் விறகடுப்பில் ஊதி ஊதிச் சமைக்கிற பெண்ணிடம் என்ன தீய பழக்கம்? நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்கிறோம். மீன் படாத நாளில் கருவாடும் சோறும்தான் உணவு என்றால், அந்த வீட்டில் 5 கிராம் எந்த மட்டில் நிற்கும்? 2021 இல் 70 வயதுக்கு முன்னரே தொற்றா நோய்களால் இறந்தோர் உலகெங்கும் ஏறத்தாழ 18 மில்லியன். அதில் 82 வீதம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். இத்தனை பேரும் ஒழுக்கம் கெட்டுச் செத்தார்களா? வறுமையையும் இடர்கூட்டி என்று சொல்ல இடம் விடுகிற சொல்தான் எங்களுக்கு வேண்டும்.

அன்புடன்,
தாதிய உத்தியோகத்தர், திருகோணமலை

————

அன்பு மகள்,

‘காரணி’ பற்றிய உங்கள் வாதத்தை ஏற்கிறேன். ஒரு தடை மட்டும். வயதும் பரம்பரையும் இந்தப் பட்டியலில் உண்டு. ‘கூட்டி’ என்றால் யாரோ கூட்டுவது போல ஒலிக்காதா? ‘மாற்றத்தகு இடர்கூட்டி’, ‘மாற்றவியலா இடர்கூட்டி’ என்று பிரித்தால் சரிவரும் என நினைக்கிறேன். முதல் பதிப்பில் ‘ஆபத்துக் காரணி’யை அடைப்புக்குறிக்குள் வையுங்கள், பாடப்புத்தகத்தில் அதைப் படித்த பிள்ளைகள் தடுமாறக்கூடாது.

————

ஐயா, பிரிப்பு நன்றாக இருக்கிறது, அப்படியே சேர்க்கிறேன். ஆனால் ‘மாற்றவியலா’ கிளினிக் சுவரில் ஏறாது. அங்கே ‘மாத்த ஏலாதது’ என்றே எழுதப்போகிறேன். கிண்ணியாவில் இருக்கும் நண்பர்கள் யாராவது அச்சுக்குக் கொடுக்க முதல் இந்த இரண்டு சொற்களையும் உங்கள் ஆட்களிடம் வாசித்துக் காட்டிச் சொல்லுங்கள்.