புதுப்பிப்பு: அல்சூர் பழைய புத்தகக் கடையும் இராமபாணப் பூச்சியும்

பெங்களூரு அல்சூரில் நாங்கள் சனிக்கிழமைதோறும் கூடிப் படிக்கும் பழைய புத்தகக் கடையில், 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த பொன்னியின் செல்வனின் பக்கங்களை யாரோ பிரித்தெடுத்து பைண்டு செய்திருந்த தொகுதிகளை இராமபாணப் பூச்சி அரிப்பதாகச் சொல்லி, சென்ற மாதம் வழி கேட்டிருந்தேன். வெயிலில் காயவைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் செய்தித்தாள் ரகக் காகிதம் வெயிலில் பழுப்பேறி நொறுங்கும் என்பதால் அதைத் தவிர்த்தோம்.

ஃப்ரீசர் யோசனையே பலித்தது. ஒவ்வொரு தொகுதியையும் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, கடைக்காரர் வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தோம் (மீன் வைக்க இடமில்லை என்று அவர் மனைவி முணுமுணுத்தது தனிக்கதை). வெளியே எடுத்த பின்னும் ஒரு நாள் உறையைப் பிரிக்கக் கூடாது. அவசரப்பட்டால் காகிதத்தில் ஈரம் கோத்துவிடும். பிரித்தபோது, மடிப்பில் மூன்று பூச்சிகள் வெள்ளித் துகள்போலச் செத்துக் கிடந்தன. பைண்டர் தடவிய மாவுப் பசையே அவற்றுக்கு விருந்து என்பதால் முதுகுப்பகுதிதான் சேதம். மணியம் வரைந்த படங்கள் தப்பின.

நாட்டுடைமையான நாவல் என்பதால் அச்சுப் பிரதி மலிவாகவே கிடைக்கிறது. இந்தத் தொகுதிகளை விற்பதில்லை, கடையிலேயே அமர்ந்து படிக்கலாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். முதுகை மீண்டும் தைத்துத் தர சிவாஜிநகர் பைண்டர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.