ஓசு சந்தையில் வாங்கிய சினோ கிண்ணம்: விரிசலா, இப்படித்தான் இருக்குமா?

நகோயாவாசி:
வணக்கம். நகோயாவில் ஓசு கன்னோன் கோயில் வளாகத்தில் மாதாமாதம் 18, 28 தேதிகளில் பழம்பொருள் சந்தை போடுவார்கள். போன 28ஆம் தேதி சும்மா வேடிக்கை பார்க்கப் போனவள், மாச்சா (பச்சைத் தேயிலைப் பொடியில் கலக்கும் தேநீர்) குடிக்கிற கிண்ணம் ஒன்றை 4,500 யென்னுக்கு வாங்கி வந்துவிட்டேன். தடித்த வெள்ளைப் பூச்சு, அதற்கடியில் பழுப்பு நிறத்தில் நாலு கீற்றாகப் புல் வரைந்திருக்கிறது, விளிம்பு லேசாக நெளிந்திருக்கிறது. விற்றவர் 'சினோ' என்றார், ஏதோ ஜப்பானிய மண்பாண்ட வகையாம், அதற்குமேல் என் ஜப்பானிய மொழி ஓடவில்லை. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தால் மேலெல்லாம் ஊசி குத்தின மாதிரி குழி, உள்ளே மயிரிழை விரிசல், அடியில் பூச்சே இல்லாமல் வெறும் மண். வீட்டுக்காரர் "சூளையில் கழித்துப் போட்டதை உன் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று சிரிக்கிறார். ஏமாந்துவிட்டேனா? இதில் குடிக்கலாமா?

சூளைப்புகை:
உங்கள் வீட்டுக்காரர் குறை என்று காட்டிய மூன்றையும் பார்த்துத்தான் இங்கே ஆட்கள் சினோ என்றே அடையாளம் சொல்வார்கள், அதனால் சிரிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். பூச்சு பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார் கல்லை அரைத்தது. அதைக் கெட்டியாகப் பூசிச் சுடும்போது உள்ளிருந்து காற்று வெளியேறிய இடமெல்லாம் குழியாக நின்றுவிடும். ஜப்பானியர்கள் இதை யூசு பழத்தோல் என்பார்கள், நமக்குச் சாத்துக்குடித் தோல் என்றால் சட்டென்று புரியும். பழுப்புக் கோடு இரும்புச்சத்துள்ள மண்ணைக் கரைத்துத் தூரிகையால் வரைந்தது. பூச்சு மெலிசாக இருக்கும் இடத்தில் செம்மை தட்டியிருக்கிறதா பாருங்கள், விளிம்பில் இருக்கும், அதற்கு நெருப்பு நிறம் என்று பெயர். அதற்காகவே காசு கொடுப்பவர்கள் உண்டு.

மயிரிழை விரிசல் பூச்சில் மட்டும் இருந்தால் கவலை இல்லை. நகத்தால் வருடிப் பாருங்கள், தட்டுப்படக் கூடாது. உள்ளே ஓடும் கோடு வெளியிலும் அதே இடத்தில் ஓடினால்தான் உடைசல். நம் ஊரில் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அது இங்கே செல்லாது. சினோ மண் அவ்வளவு இறுகாது, நல்ல கிண்ணத்தைச் சுண்டினாலும் பொத்தென்றுதான் கேட்கும்.

அடுக்களைராணி:
தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் காய்ந்த கிண்ணத்தில் நேரே மாச்சாவைக் கலக்காதீர்கள், பச்சைக் கறை விரிசலுக்குள் இறங்கிவிடும். முதலில் வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்துவிட்டுக் கலக்குங்கள். குடித்ததும் வெறும் தண்ணீரில் கழுவுங்கள், சோப்பு வேண்டாம், மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். நான் புது மண்கிண்ணம் எது வாங்கினாலும் அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு கொதி விடுவேன், துளை அடைபடும்.

பழங்கணக்கு:
அரிசித் தண்ணீரில் நான் உடன்பட மாட்டேன். சோற்றுத் தட்டுக்குச் சரி, தேநீர்க் கிண்ணத்துக்குத் தேவையில்லை. சினோ கிண்ணம் புழங்கப் புழங்க நிறம் மாறுவதைத்தானே ரசிக்கிறார்கள், துளையை அடைத்துவிட்டால் அப்புறம் என்ன மாறும்? இன்னொன்று, கழுவியதும் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். வெளியே இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயட்டும், இல்லாவிட்டால் பூஞ்சை வாடை வந்துவிடும், என் கிண்ணம் ஒன்று அப்படித்தான் போயிற்று.

நீங்கள் நகோயாவில் இருப்பதால் ஒரு கதை. சினோ 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அது பக்கத்து ஊரான செத்தோவில் சுட்டது என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1930இல் அரகாவா தோயோசோ என்ற குயவர் நகோயாவில் மூங்கில் குருத்து வரைந்த பழைய சினோ கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். அடிப்பக்கத்தில் சூளை மண் துளி ஒன்று ஒட்டியிருந்தது, அதன் நிறம் செத்தோ மண்ணாகத் தெரியவில்லை. மனம் கேட்காமல் கிஃபு பக்கம் மினோ மலைக்குள் போய், முத்தாபோரா என்ற இடத்தில் இடிந்த சூளையைக் கிளறினால், அதே மூங்கில் குருத்து வரைந்த ஓடு! சினோவின் ஊரே அன்றைக்கு மாறிப்போயிற்று. மனிதர் அங்கேயே சூளை கட்டிக் குடியேறிவிட்டார், 1955இல் அரசு 'வாழும் தேசியச் சொத்து' பட்டம் கொடுத்தது. நீங்கள் கேலிக்கு ஆளான அந்த வெறும் மண் அடிப்பாகத்தைத்தான் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார்கள்.

தோக்கியோ போனால் மித்சுயி நினைவு அருங்காட்சியகத்தில் 'உனோஹனகாகி' என்ற பழைய சினோ கிண்ணத்தைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். வேலி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக நாலு இழுப்பு, நெளிந்த உருவம், அவ்வளவுதான். ஜப்பானில் செய்த தேநீர்க் கிண்ணங்களில் தேசியப் பொக்கிஷம் ஆனவை இரண்டே இரண்டு, அதில் இது ஒன்று.

சூளைப்புகை:
4,500க்குப் பழைய சினோ கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது இந்தக் காலத்து வேலையாகத்தான் இருக்கும். மரப்பெட்டி கொடுத்தார்களா? மூடியில் செய்தவர் எழுத்தும் முத்திரையும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள், பெட்டி போனால் பாதி மதிப்பு போச்சு.

நகோயாவாசி:
பெட்டி இல்லை, செய்தித்தாளில்தான் சுற்றிக் கொடுத்தார்! நகத்தால் வருடிப் பார்த்தேன், எதுவும் தட்டவில்லை. விளிம்பில் ஒரு பக்கம் செம்மை இருக்கிறது, இவ்வளவு நாள் அழுக்கென்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை ஊறவைத்து மாச்சா கலந்தாயிற்று, புல் வரைந்த பக்கத்தில் வாய் வைக்காமல் கொஞ்சம் திருப்பித்தான் குடித்தேன். வீட்டுக்காரர் தனக்கும் ஒன்று வேண்டுமாம். ஏப்ரலில் தஜிமி மண்பாண்டத் திருவிழாவுக்கு யாராவது போகிறீர்களா?