தாவர ஆய்விலிருந்து ரத்த நோய் ஆய்வுக்கு மாறலாமா?

இலைநரம்பு:
பிஎச்டியில் அராபிடாப்சிஸ் செடியில் பச்சையம் உருவாகும் பாதையைத்தான் ஆராய்ந்தேன். வெளிறிய இலை மியூட்டன்ட்கள், அவற்றின் மரபணுக்கள், அவ்வளவுதான் என் உலகம். இப்போது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோயான பீட்டா தலசீமியாவை ஆராயும் லேப் ஒன்றில் போஸ்ட்டாக் வாய்ப்பு வந்திருக்கிறது. "செடியை விட்டுப் போனால் திரும்ப முடியாது" என்கிறார் என் கைடு. நேர்காணலிலும் "செடிக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கட்டாயம் கேட்பார்கள். இப்படி மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வேர்முடிச்சு:
நான் இருக்கிறேன். பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சில் தொடங்கினேன், இப்போது அரிவாள் செல் நோயில் வேலை. வேர்முடிச்சைக் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது லெக்ஹீமோகுளோபின். நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரோஜினேஸ் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, அங்கே குடியிருக்கும் பாக்டீரியாவுக்கோ அது இல்லாமல் முடியாது. அதைச் சமாளிக்கத்தான் செடியே ஒரு ஹீமோகுளோபின் செய்துகொள்கிறது. ஆக, ஹீமோகுளோபின் எனக்குப் புதிதில்லை.

உங்களிடம் இதைவிட நல்ல பதில் இருக்கிறது. முதல் படி வேறு என்றாலும், அதற்கப்புறம் புரோட்டோபோர்ஃபிரின் வரை இலைக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் ஒரே பாதைதான். அதில் மக்னீசியம் ஏறினால் பச்சையம், இரும்பு ஏறினால் ஹீமோகுளோபினுக்குள் இருக்கும் ஹீம். இரும்பை ஏற்றும் ஃபெரோகிலேட்டேஸ் நொதி குறைந்தவர்களுக்கு வெயில் பட்டாலே தோல் எரியும். அதற்கு முந்தைய படியில் இருக்கும் நொதியைத் தடுத்துத்தான் சில களைக்கொல்லிகள் களையை வெளிச்சத்தில் கருகவைக்கின்றன. அதே நொதி மனிதரில் பழுதானால் வேரிகேட் போர்ஃபிரியா, அதாவது ஹீம் பாதை பழுதாவதால் வரும் போர்ஃபிரியா நோய்களில் ஒன்று. இவ்வளவையும் தெரிந்த ஆள் ரத்த லேபில் பெரும்பாலும் இருக்கமாட்டார்.

இன்னொன்றும் சொல்லலாம். பெட்டூனியாவின் நிறத்தை அடர்த்தியாக்க நிறமி மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்தபோது, செடியின் சொந்த மரபணுவும் சேர்ந்து அடங்கி வெள்ளைப் பூக்கள் பூத்தன. 1990இல் வெளியான முடிவு அது. அந்த மௌனமாக்கலின் பின்னால் இருந்த சிறு ஆர்என்ஏக்களை 1999இல் ஹாமில்டனும் பால்கோமும் செடிகளில்தான் கண்டார்கள். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிவோசிரான், அதே உத்தியால் கல்லீரலில் ஹீம் பாதையின் முதல் நொதியை அடக்குகிறது. திடீர்த் தாக்குதல்களாக வரும் கல்லீரல் போர்ஃபிரியாவுக்கான மருந்து.

நிஜமாகவே மாறுவது வேறு இடத்தில். மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பரைச் செடியில் செய்தால், சரியாகத் திருத்தப்பட்ட ஒரே செல்லிலிருந்து முழுச்செடியையே வளர்த்துக்கொள்ளலாம், மற்றதைக் குப்பையில் போடலாம். ரத்தத் தண்டுசெல்லில் அது நடக்காது. அரிவாள் செல் நோய்க்கும் பீட்டா தலசீமியாவுக்கும் 2023இல் அனுமதி கிடைத்த காஸ்ஜெவி என்ற கிரிஸ்பர் சிகிச்சையில், கருப்பருவ ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவின் என்ஹான்சரை, அதாவது அதைத் தூண்டிவிடும் டிஎன்ஏ துண்டை, வெட்டுகிறார்கள். வெட்டுப்பட்டதும் படாததுமாக மொத்தக் கூட்டமும் நோயாளிக்கே திரும்பப் போகிறது. அதனால் "ஒன்று கிடைத்தது" என்பதற்கு இங்கே மதிப்பில்லை, நூற்றுக்கு எத்தனை என்பதுதான் கேள்வி. அதற்கு முன் அவருடைய மஜ்ஜையை கீமோ மருந்து கொடுத்துக் காலி செய்திருப்பார்கள். எனக்கு அந்த நினைப்பு பழக நாளானது.

தனிமப்பட்டியல்:
வேர்முடிச்சு சொன்னதெல்லாம் அழகு, ஆனால் தேர்வுக்குழு முதலில் பார்ப்பது உங்களுக்கு செல் கல்ச்சர் வருமா என்பதைத்தான். பக்கத்து லேபில் கே562 என்ற மனித ரத்தப் புற்றுநோய் செல்கள் இருந்தால் கெஞ்சியாவது வளர்த்துப் பழகுங்கள். ஹெமின் சேர்த்தால் ஹீமோகுளோபின் செய்யத் தொடங்கும், சுழற்றி அடியில் படியவைத்த செல் உருண்டையே சிவக்கும். கைடு சொல்வதும் பாதி உண்மை. தாவரத் துறைக்குத் திரும்ப விண்ணப்பித்தால் கடைசிச் சில வருடக் கட்டுரைகளைத்தான் புரட்டுவார்கள். மிச்சமிருக்கும் பிஎச்டி கட்டுரையைக் கிளம்புவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

இலைநரம்பு:
இருவருக்கும் நன்றி. களைக்கொல்லி விஷயம் தெரியும், ஆனால் அதை போர்ஃபிரியாவோடு சேர்த்து யோசித்ததில்லை! ஒரு சின்னக் கேள்வி: டிஎன்ஏ எடுக்க எனக்குத் தெரிந்தது சிடிஏபி முறைதான். ரத்தத்துக்கு?

வேர்முடிச்சு:
சிடிஏபி தேவையில்லை, சாதாரண கிட் போதும். இலையில் பாலிஃபீனால் செய்த தொல்லையை இங்கே ஹீம் செய்யும், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரைத் தடுக்கும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஹெப்பாரினும் தடுக்கும், அதனால் அதற்குப் பதில் ஈடிடிஏ சேர்த்த குழாயில் வாங்குங்கள். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, உங்களுக்கு வேண்டிய டிஎன்ஏ வெள்ளணுக்களில்தான். அப்புறம், மனித ரத்தத்தைக் கையாளப் போகிறீர்கள், ஹெபடைடிஸ் பி ஊசி போடாதவர் என்றால் இப்போதே தொடங்குங்கள். வழக்கமான மூன்று டோஸும் முடிய ஆறு மாதம் ஆகும்.