மோட்டார் ரீவைண்டிங் பற்றி எழுதுகிறேன், படிக்க ஆள் வரவில்லை

காயில்காரர்:

எல்லோருக்கும் வணக்கங்க. பொள்ளாச்சிப் பக்கம் 31 வருஷமாக மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. கண் மங்க ஆரம்பித்ததும் காயில் போடுகிற வேலையை மருமகனிடம் விட்டுவிட்டேன். சும்மா உட்கார முடியவில்லை. தெரிந்ததை எழுதி வைக்கலாம் என்று போன வருஷம் தை மாதம் ப்ளாக்கரில் ஒரு வலைப்பூ தொடங்கினேன். இதுவரை 46 பதிவுகள் ஆகிவிட்டன. போனில் பேசிப் பேசித்தான் எழுதுகிறேன். "ஸ்டேட்டர்" என்று சொன்னால் அது "தியேட்டர்" என்று எழுதும். பேத்தி உட்கார்ந்து திருத்துவாள்.

ஒரு நாளைக்கு ஒன்பது, பத்துப் பார்வைதான் வருகிறது. அதில் பாதி நானே போய்ப் பார்ப்பது. ஆடி மாதம் ஒரு வாரம் திடீரென்று 300, 400 என்று ஏறியது. எங்கிருந்து என்று பார்த்தால் சிங்கப்பூர். நம் ஆட்கள் அங்கே நிறைய இருக்கிறார்களே, எவரோ ஒரு புண்ணியவான் பகிர்ந்திருக்கிறார் போல என்று பட்டறையில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். பேத்திதான் சொன்னாள், "அது மனுஷங்க இல்லை தாத்தா, ஏதோ ரோபோ வந்து பக்கத்தைத் திறந்துவிட்டுப் போகுது" என்று. அடுத்த வாரம் மறுபடி ஒன்பது.

சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒவ்வொரு பதிவின் சுட்டியையும் போட்டேன். கும்பிடு வருகிறது, கட்டைவிரல் வருகிறது, ஆள் வரவில்லை. விவசாயிகளுக்கான ஒரு முகநூல் குழுவில் ஒரே நாளில் ஐந்து சுட்டி போட்டேன், வெளியே தள்ளிவிட்டார்கள். அது என் தப்புதான்.

இப்போது ஒருவர் 4,000 ரூபாய் கொடுத்தால் மாதம் பத்தாயிரம் பார்வை காட்டுகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? விளம்பரக் காசு எனக்கு வேண்டாம். நாலு பேர் படித்து, அதில் ஒருவராவது "இது தப்பு, இப்படிச் செய்திருக்கணும்" என்று சொன்னால் போதும். அதற்கு என்ன செய்வது?

ஈரோட்டு மஞ்சள்:

அண்ணா, முதலில் அந்த 4,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். எதற்காகப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தீர்களோ, அதே ரோபோவைத்தான் அவர் காசு வாங்கிக்கொண்டு அனுப்புவார்.

உங்கள் வலைப்பூவைப் போய்ப் பார்த்தேன். "பட்டறை நினைவுகள் – 17" என்று ஒரு பதிவு. ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மூன்று பேர் வந்து பார்த்து, இம்பெல்லரை மாற்று, மோட்டாரையே மாற்று என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நீங்கள் கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு நத்தை ஓடு மாட்டியிருக்கிறது. வால்வு மூடாததால் மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் நின்ற தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும், அடுத்த முறை போட்டால் காற்றைத்தான் இழுக்கும் என்று எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்!

இதை யார் தேடுவார்? விடிகாலையில் கிணற்று மேட்டில் போனும் கையுமாக நிற்கிறவர் தேடுவார். "பட்டறை நினைவுகள்" என்றா தேடுவார்? "மோட்டார் ஓடுது தண்ணி வரல" என்றுதான் தேடுவார். பாதிப் பேர் அதையே ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். அவருக்கு வேண்டிய பதில் உங்களிடம் இருக்கிறது, ஆனால் வாசலில் வேறு பெயர்ப்பலகை தொங்குகிறது.

பட்டறைக்கு வருகிற போனில் எதிராளி சொல்கிற முதல் வாக்கியத்தை மட்டும் ஒரு வாரத்துக்குக் குறித்து வையுங்கள். அதுதான் தலைப்பு. எனக்கு மாடித்தோட்ட வலைப்பூ. "கத்தரியில் வெள்ளை ஈ மேலாண்மை" என்று எழுதியபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. "கத்தரி இலைக்கு அடியில் வெள்ளையா பறக்குது" என்று மாற்றினேன். என் வலைப்பூவுக்கு வருகிறவர்களில் கால்வாசிப் பேர் இன்றைக்கும் அந்த ஒரு பதிவுக்குத்தான் வருகிறார்கள்.

அப்புறம் சுட்டி. ப்ளாக்கர் தமிழ்த் தலைப்பைச் சுட்டியில் எடுத்துக்கொள்ளாது, எல்லாம் "ப்ளாக் போஸ்ட் 23" என்கிற மாதிரி வெறும் எண்ணாக நிற்கும். வெளியிடுவதற்கு முன்னால் ஓரத்தில் பெர்மாலிங்க் என்ற இடத்தைத் திறந்து, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் நீங்களே கொடுக்கலாம். பழைய பதிவுகளின் சுட்டியில் கை வைக்காதீர்கள், ஏற்கெனவே பகிர்ந்தது அறுந்துவிடும். தலைப்பை மட்டும் மாற்றினால் சுட்டி மாறாது. உங்கள் சொந்தப் பார்வையை எண்ணாமல் விடவும் ஒரு வசதி இருக்கிறது, பேத்தியிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். ஒன்பது நாலாக இறங்கும். மனசு தளரக் கூடாது.

அவசரக்காரன்:

யூட்யூபில் போடுங்க சார். இந்தக் காலத்தில் யார் படிக்கிறார்கள்?

காயில்காரர்:

அதையும் செய்து பார்த்தேன் தம்பி. பட்டறைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெளியே வந்து பேசினால் கோழி கத்துகிறது.

திண்ணைப் பதிவர்:

நண்பரே, நான் 2006ல் எழுத வந்தவன். அப்போது வாசகரைத் தேடி அலைய வேண்டியதில்லை. காசி ஆறுமுகம் 2004ல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி இருந்தது, பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தளம். அதில் சேர்த்துவிட்டால் நம் பதிவு முகப்பில் வந்து நிற்கும். பின்னூட்டம் விழுந்த பதிவுகள் தனியாகத் தெரியும். அதற்காகவே நண்பர்கள் கூடி "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று தொடங்கிக் கும்மி அடிப்பார்கள், அதாவது சும்மா அரட்டையாகப் பின்னூட்டம் போட்டுக் குவிப்பார்கள். சிலர் வேறு பெயரில் தங்கள் பதிவுக்குத் தாங்களே பின்னூட்டம் போடுவார்கள். அதற்குப் பின்னூட்டக் கயமை என்று பெயர்கூட வைத்திருந்தோம். (நானும் இரண்டு தடவை செய்திருக்கிறேன். காலம் கடந்த வழக்கு, விட்டுவிடுங்கள்.)

கும்மிக்கு வந்தவர்கள் ஒருவரும் தங்கவில்லை. நான் யாருடைய பதிவை முழுதாகப் படித்துப் பத்து வரி எழுதினேனோ, அவர்கள்தான் திரும்பி வந்தார்கள், இன்னும் வருகிறார்கள். இப்போது அந்தத் திண்ணை இல்லை, ஆனால் வேலை அதேதான். முகநூல் குழுவில் யாராவது "மோட்டார் சூடாகுது" என்று கேட்டால் பதிலை அங்கேயே முழுசாக எழுதுங்கள். சுட்டியைக் கேட்டால் கொடுங்கள். பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னவரை எந்தக் குழுவும் தள்ளாது.

இன்னொன்று. பல வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள், என் வாசகரில் பெரும்பங்கு ஒரே மாதத்தில் காணாமல் போனது. புதுப் பதிவை வாசகருக்கு அனுப்பிவந்த ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சேவை 2021ல் நின்றது, மறுபடி ஒரு கூட்டம் போனது. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் வாசகரை உட்கார வைத்தால் இப்படித்தான். உங்களுக்கு அந்தக் கவலை குறைவு. 31 வருஷத்து வாடிக்கையாளர்களின் போனில் உங்கள் எண் ஏற்கெனவே இருக்கும். வாட்ஸப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) போட்டால், எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் போகும். மற்றவர்களுக்கு அது தொல்லை, உங்களுக்கு வரம். வெறும் சுட்டியை அனுப்பாதீர்கள். மூன்று வரியில் விஷயத்தைச் சொல்லி, மீதிக்குச் சுட்டி.

ஈரோட்டம்மா சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எல்லாத் தலைப்பையும் கேள்வி பதிலாக்கிவிடாதீர்கள். டூ பேஸ் கரண்டில் கன்டென்சர் (கெபாசிட்டர்தான்) போட்டு த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்டி, மாசத்துக்கு இரண்டு மோட்டார் புகைந்து உங்களிடம் வந்த கதையை நேற்று ராத்திரி படித்தேன். என் வீட்டில் கிணறும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஆனால் கடைசி வரை படித்தேன். நினைவுகளை ஒரு லேபிளாக வைத்துக்கொள்ளுங்கள், எண்ணை மட்டும் எடுத்துவிடுங்கள். 17 என்று பார்த்ததும் முதல் 16ஐப் படிக்காமல் எப்படி என்று ஆள் திரும்பிவிடுவான்.

தேனி சின்னவர்:

ஐயா, நானும் ரீவைண்டிங்தான், தொழிலுக்கு வந்து ஆறு வருஷம். யூட்யூப் என்று மேலே ஒருவர் சொன்னார். எங்களுக்கு வீடியோ ஆகாது ஐயா. எரிந்த மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்) எத்தனை, ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் (தடிமன்) என்று பார்க்க வேண்டும். அதற்காக இருபது நிமிஷ வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்க்க முடியுமா? கையெல்லாம் வார்னிஷ் வேறு.

பழைய மோட்டாருக்கு டேட்டா கிடைக்காமல், வெட்டி எடுத்த காயிலில் கருகின கம்பியை ஒவ்வொன்றாக எண்ணுவோம். இந்தக் கணக்கையெல்லாம் மோட்டார் வாரியாகக் குறித்து வைத்த காயில் நோட்டு உங்களிடம் இருக்கும். எல்லாப் பெரியவர்களிடமும் இருக்கும், யாரும் காட்ட மாட்டார்கள். அதில் ஒரு பக்கம் போட்டீர்கள் என்றால், இந்தத் தொழிலில் இருக்கிற பையன்கள் உங்கள் வலைப்பூவை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். போட்டோவாகப் போடாதீர்கள். எழுத்தாகப் போட்டால்தான் தேடினால் கிடைக்கும்.

காயில்காரர் (ஆறு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றிங்க. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒன்பது தலைப்பை மாற்றினேன். பேத்தி கூகுள் சர்ச் கன்சோல் என்று ஒன்றைச் சேர்த்துவிட்டாள். என்ன அடித்துத் தேடி வருகிறார்கள் என்று அதில் தெரிகிறது. முதலில் நிற்பது "மோட்டார் உர்ருன்னு சத்தம் சுத்தல". சிங்கிள் பேஸில் கெபாசிட்டர் போனால் அப்படித்தான் உறுமும். நான் அந்தப் பதிவுக்கு வைத்திருந்த பழைய பெயர் "ஒரு மார்கழிக் காலை". இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நாளைக்கு நாற்பதுக்குக் குறையாமல் வருகிறார்கள், சிங்கப்பூர் ரோபோவைக் கழித்துவிட்டு. பிராட்காஸ்டில் அனுப்பியதற்குப் பழைய வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் கூப்பிட்டே பேசினார்கள். பதிவில் எழுதச் சொன்னால் "அதெல்லாம் நமக்கு வராதுங்க" என்கிறார்கள்.

காயில் நோட்டில் மூன்று பக்கம் போட்டேன். அதற்குத்தான் கூட்டம். ஒரு தம்பி, "ஐயா, இரண்டாவது பக்கத்தில் ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போட்டிருக்கிற கேஜ் சரியில்லை" என்று எழுதினார். நோட்டை எடுத்துப் பார்த்தேன், நான் எழுதியதே தப்பு. எத்தனை வருஷமாக அந்தத் தப்பு அங்கே இருந்ததோ. திருத்திவிட்டு அவர் பெயரையும் கீழே போட்டேன்.

மருமகனுக்குத்தான் கோபம். "பட்டறைச் சொத்தைத் தெருவில் வைக்கிறீங்க" என்று இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, தொழில் இனி அவருடையது. கடைசியில், இப்போது கடைக்கு வராத பழைய மாடல்களை மட்டும் போடுவது என்று பேசி முடித்திருக்கிறோம்.

தேனித் தம்பிக்கு ஒரு கேள்வி. நாலாவது பக்கத்தில் ஒரு எச்பி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது), 24 ஸ்லாட். ரன்னிங் காயிலில் கடைசிச் சுற்றுக் கணக்கு 46ஆ 48ஆ என்று எண்ணெய்க் கறையில் தெரியவில்லை. உங்கள் பக்கம் அந்தப் பழைய மோட்டார் எரிந்து வந்தால், கம்பியை எண்ணிச் சொல்வீர்களா?